ஐஸ் ஆகியும் சாகாத தவளை

கேள்வி: உடம்பு உறைந்துபோன பிராணி மறுபடி எழுந்து வருவது சினிமாவில்தானே நடக்கும்?

பதில்: அலாஸ்காவில் வருஷா வருஷம் நடக்கிறது! அங்குள்ள காட்டுத் தவளை, குளிர்காலம் வந்ததும் சருகுக்கு அடியில் படுத்துவிடும். மேலே பனி மூடும். உடம்பிலுள்ள நீரில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸாகிவிடும். மூச்சு இல்லை, இதயத் துடிப்பு இல்லை. கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும். மைனஸ் 18 டிகிரி வரை தாங்கும். ஏழு மாதம்கூட இப்படியே கிடக்கும்.

பிழைக்க வைப்பது சர்க்கரை. தோலில் முதல் ஐஸ் படிந்ததுமே கல்லீரல் தன் சேமிப்பையெல்லாம் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் கொட்டுகிறது. அந்த அளவு நமக்கு ஏறினால் ஐ.சி.யூ.வில்கூடக் காப்பாற்ற முடியாது. தவளைக்கோ அதுதான் மருந்து! செல்லுக்கு வெளியே இருக்கும் நீர் உறையும். உள்ளே சர்க்கரைப் பாகு இருப்பதால் செல் உறையாது, அளவுக்கு மீறி வற்றிச் சுருங்கியும் போகாது. சிறுநீரில் போகவேண்டிய யூரியாவையும் வீணாக்காமல் இதே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. உள்ளங்கை அளவுகூட இல்லாத ஜீவனுக்கு எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! மாற்று உறுப்புகளைக் கெடாமல் அதிக நேரம் வைத்திருக்க வழி தேடும் விஞ்ஞானிகளும் இதைக் கவனமாகப் படிக்கிறார்கள்.

வசந்தத்தில் முதலில் இதயம் துடிக்கும், கால்கள் அசைவது பிறகுதான். இத்தனை மாதப் பட்டினிக்குப் பிறகு முதல் வேலை சாப்பாடு என்றா நினைக்கிறீர்கள்? ஆண் தவளை நேரே குட்டைக்குப் போய் ஜோடியைக் கூப்பிடுகிறது!