அப்பாவின் துண்டும் ஏசி பில்டரும்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் வைத்தே காருக்கு ஏசி பில்டர் மாற்றிவிடுகிறேன். பெரும்பாலான வண்டிகளில் முன்சீட்டில் இருப்பவரின் முழங்காலுக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு பெட்டியைக் காலி செய்து, இரு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் பெட்டி இறங்கித் தொங்கும். பின்னால் ஒரு மூடி. பழைய பில்டரை மெல்ல இழுத்தால் வேப்பஞ்சருகும் செத்த கொசுவும் சேர்ந்து வரும். புதியதைச் சொருகும்போது விளிம்பிலிருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

அந்த மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும் தூசியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் துண்டு ஞாபகம் வரும்.

1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது. பின்னர் ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. அப்பா வேலை பார்த்தது வேறொரு சிறிய மில்லில், கார்டிங்கில். பேல் உடைத்த பஞ்சைக் கம்பிப் பற்கள் சீவும் இடம் அது. குட்டை இழைகளும் நொறுங்கிய பருத்தி இலையும் அங்கேதான் பறக்கும். அப்பா மூக்கை மூடித் துண்டைக் கட்டிக்கொள்வார். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் பஞ்சைத் துண்டு தடுத்தது. நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்தூசிக்கு அந்த நெசவின் இடைவெளி திறந்த வாசல். ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருந்தும், எங்கள் ஊர்த் தொழிலாளியின் மூக்குக்கு வீட்டுத் துண்டுதான் கிடைத்தது.

வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற நாளில்தான் அவருக்கு நெஞ்சு அதிகமாக இறுகும். வாரம் போகப் போகக் கொஞ்சம் இளகும். பருத்தித் தூசியால் வரும் பிஸினோசிஸின் அடையாளமே அதுதான் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு "தூசி ஒத்துக்கலை" என்பதற்கு மேல் பேச்சில்லை.

அவர் தேடிப்போன வைத்தியம் அய்யனார் கோவில். லீவு நாளில் சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்து மேற்கே மிதிப்பார். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் கடந்து, ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கப் பக்கம் போனதும் காற்று மாறும். மலையிலிருந்து இறங்கும் ஆற்றில் குளித்து, நீர் காத்த அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு, பாறையில் உட்கார்ந்து வாய் பேசாமல் மூச்சு விடுவார். நான் எழுந்து ஓடினால், "இருடா, இன்னும் கொஞ்ச நேரம்" என்பார். உறவுக்காரர்கள் வந்தால் வாடகைக்கு ஒரு அம்பாசிடர் பிளஷர் பிடிப்பார்கள். அதில் பில்டரும் கிடையாது, ஏசியும் கிடையாது. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் மலைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும்.

இப்போது அதே சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்திக்கொண்டு போகிறோம். நாலு பேர் விடுகிற மூச்சில் உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறி, பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்காக அப்பா அவ்வளவு தூரம் மிதித்தாரோ அது கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை. தோப்பு தொடங்கியதும் கண்ணாடிகளை இறக்கிவிடுகிறேன்.

பில்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருமங்கலம்–கொல்லம் சாலையில் லாரிகளின் பின்னால் போகிறவர்களுக்கு அது அவசியம். அடைத்துப்போனால் ஏசிக் காற்று குறையும், நாற்றம் வரும், மழையில் கண்ணாடிப் பனி விலகத் தாமதமாகும். "ஊதிப் போட்டாப் போதும் அண்ணாச்சி, இன்னும் ஒரு வருசம் ஓடும்" என்றான் ஒர்க்‌ஷாப் தம்பி. வேண்டாம் என்றேன். பல பில்டர்களில் இழைகளுக்கு மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். நுண்தூசியை இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கழுவினால் அந்தச் சக்தி குறையும், கம்ப்ரசரால் ஊதினால் இழை கிழியும். கோவிலில் மர நிழலில் நிறுத்தினால், முன்கண்ணாடிக்குக் கீழே தேங்கும் சருகையும் அள்ளிவிட வேண்டும். காற்று உள்ளே நுழைவது அங்கேதான்.

இந்தக் காரின் கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பில்டரைப் பார்க்க வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது; தூசி அதிகமுள்ள ஊரில் முன்கூட்டியே மாற்றச் சொல்கிறது. அப்பாவின் மூச்சுக்கு அந்த மில்லில் அப்படி ஒரு கணக்கும் இருந்ததில்லை.

இன்றைய கார்டிங் இயந்திரங்களுக்கு மூடி உண்டு, தூசியை உறிஞ்சும் குழாய் உண்டு. ஆனாலும் தெரிந்த பிள்ளைகள் யாராவது மில்லில் சேர்ந்தால் நான் சம்பளத்தைக் கேட்பதில்லை. எந்த டிபார்ட்மெண்ட், நல்ல மாஸ்க் தருகிறார்களா, லீவு முடிந்து வரும் முதல் நாளில் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லி இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களா என்றுதான் கேட்கிறேன்.