27-ஆம் விதி மாமா

சென்னையில் டூப்ளிகேட் பிரிட்ஜ் ஆடும் கிளப்புகளில் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பையில் பிரிட்ஜ் விதிகளின் 2017 பதிப்பு, கூடவே 2007 பதிப்பும். "பழசு எதுக்கு மாமா?" என்று கேட்டால், "எதை எடுத்தான்னு தெரிஞ்சாத்தானே எதை வெச்சான்னு புரியும்" என்பார். 93 விதிகளும் தலைகீழ்ப் பாடம். வெளியே எத்தனை துருப்பு பாக்கி என்பதுதான் நினைவில் நிற்காது.

எதிராளி நல்ல சீட்டு வைத்திருந்தால் இவருக்குப் பொறாமை இல்லை. தப்பாக ஏலம் கேட்டால்தான் முகம் மலரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடக்கு, ஒரு ஸ்பேட். கிழக்கே மாமா, இரண்டு டயமண்ட். தெற்கில் புதிதாகச் சேர்ந்த பெண் அதைக் கவனிக்காமல் ஒரு நோ டிரம்ப் அட்டையை எடுத்து வைத்துவிட்டாள்.

"அட்டையைத் தொடாதேம்மா! இது 27, முந்தினதை விடக் குறைஞ்ச ஏலம். என் பார்ட்னர் ஏத்துண்டா ஏலம் அப்படியே போகும். ஏத்துக்கலைன்னா ரெண்டு நோ டிரம்ப்னு திருத்திக்கலாம், பாதகமில்லை. வேற எதாவது கேட்டியோ, அது 23-ல சொல்ற ஒப்பான ஏலத்துல வரணும். வரலைன்னா உன் பார்ட்னர் கடைசி வரைக்கும் பாஸ்தான்."

அத்தனையும் சரி. ஆனால் தவறு என்று யாராவது சொன்ன உடனே டைரக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது 9. ஆட்டக்காரர் தாமே பரிகாரம் சொல்லக் கூடாது என்பது 10. இந்த இரண்டு பக்கங்களும் மாமாவின் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன போலும்.

டைரக்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். "ரூலிங் ஆயிடுத்து சார், நீங்க ஆமான்னு சொன்னாப் போதும்." டைரக்டர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லி முடித்து, மேற்கில் இருந்தவரைக் கேட்டார்: "ஏத்துக்கறீங்களா?"

"ஏத்துக்கறேன்" என்று பாஸ் அட்டையை வைத்தார் அவர். வருஷக்கணக்காக மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தவர். சீக்கிரம் முடிந்தால் சரி.

வடக்கும் பாஸ். இப்போது மாமாவின் முறை. கூரையைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அக்கம்பக்கத்து மேஜைகள் அடுத்த போர்டுக்கே போய்விட்டன. கடைசியில் டபுள். தெற்கு பாஸ். மேற்கு கொஞ்சமும் தயங்காமல் மூன்று டயமண்ட் கேட்டார்.

"டைரக்டர்!" என்றாள் அந்தப் பெண், மென்மையாக. "அவர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு டபுள் சொன்னார். அதைப் பார்த்துத்தான் பார்ட்னர் மாத்திட்டாரோன்னு சந்தேகம். 16-தானே சார்?"

மாமா கொதித்துப் போனார். பார்ட்னரின் தயக்கத்தில் இருந்து சேதி எடுக்கக் கூடாது என்கிற 16-ஐ இந்தக் கிளப்புக்கே கற்றுக் கொடுத்தவர் அவர். "நான் சீட்டைப் பத்தி யோசிக்கவே இல்லை சார்! 27-ஐப் பத்தி யோசிச்சுண்டிருந்தேன். அதுல பார்ட்னருக்கு என்ன சேதி போகும்?"

ஆட்டம் முடிந்ததும் டைரக்டர் ஸ்கோரை மாற்றி எழுதினார். அப்பீலுக்கு ஸ்கோர் வெளியானதில் இருந்து 30 நிமிடம், அது 92. மாமா பேனாவுக்கு மை போதுமா என்று உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.