மாநாட்டுப் பையும் இடைகழியும்: ஓர் ஒப்பாய்வு

பணியிடக் கற்றல், மேம்பாடு என்ற பொருளில் மாநாடு கூட்டுகிறார்கள். கலந்துகொண்ட பேராளர் வீட்டுக்கு எடுத்துவருவது என்ன என்பதே இவ்வாய்வின் கேள்வி. பொருட்சான்றுகள் வருமாறு: சணல் பை ஒன்று, மூடி நிற்காத பேனா ஒன்று, முதலிரண்டு பக்கம் மட்டும் நிரம்பிய குறிப்பேடு ஒன்று, தலைப்பெழுத்து மாறிய சான்றிதழ் ஒன்று. இவற்றில் தொடர்ந்து பயன்படுவது பைதான். திருக்கோவிலூர் காய்கறிக் கடை வாசலில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சுமந்துகொண்டு ‘தலைமைப் பண்பு மேம்பாடு’ என்ற எழுத்து நடந்துபோவதை யாரும் பார்க்கலாம். முருங்கைக்காய் நீளமாக இருந்தால் ‘தலைமைப் பண்பு’ மறைந்து ‘மேம்பாடு’ மட்டும் தெரியும்.

பயிற்சியின் பயனை நான்கு படிகளில் அளக்கலாம் என்று அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதினார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் உண்டா என்பவை அந்த நான்கு. நம் மாநாடுகள் முதல் படியிலேயே துண்டு விரித்து உட்கார்ந்துவிட்டன. பின்னூட்டப் படிவம் கைக்கு வரும்போது மாலை நாலே முக்கால்; கடைசிப் பேருந்துக் கவலை வந்துவிட்ட நேரம். பக்கத்து இருக்கைக்காரர் எழுதியதைப் பார்த்து, ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது, மதிய உணவு அருமை’ என்று எழுதிக் கொடுக்கிறோம். இவ்விரு முடிவுகளில் இரண்டாவதற்கு மட்டுமே ஆதாரம் உண்டு.

இக்குறையை நீக்கும் முன்மாதிரியைத் தேடி ஆய்வாளர் எங்கும் அலைய வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-இல்தான் பிறந்தது. அதிலுள்ள திருக்கோவிலூரின் பயிற்சி வரலாறோ மிகப் பழையது. தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றிலிருந்தே தொடங்கலாம். வள்ளல் பாரி மறைந்த துயரில் புலவர் கபிலர் உயிர்விட்ட இடம் என்று ஊர் அதைச் சொல்லும். அந்தக் கபிலர் ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியதாக மரபு கூறும் குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அதில் 99 பூக்களின் பெயர் உண்டு. பயிற்சி பெறும் ஒரே ஒருவருக்காக இவ்வளவு பெரிய பாடநூல்! இன்றைக்கென்றால் ‘குறைந்தபட்சம் முப்பது பேராவது சேரட்டும்’ என்று கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆயினும் அது தனிப்பயிற்சி. மாநாடு என்ற தகுதி அதற்குக் கிடையாது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

அத்தகுதி உடையது இதே ஊரில் நடந்த ஆழ்வார்களின் கூட்டமே. காஞ்சியிலிருந்து பொய்கையார், கடல்மல்லையிலிருந்து பூதத்தார், மயிலையிலிருந்து பேயார். மூவரும் வெளியூர்ப் பேராளர்கள். பயணப்படி கோரியதாகக் குறிப்பில்லை. மழை இரவில் மிருகண்டு முனிவர் ஆசிரமத்து இடைகழி என்னும் குறுகிய நடையில் ஒருவர் படுத்திருந்தார். அடுத்தவர் வந்ததும் இருவர் உட்கார்ந்தனர். மூன்றாமவர் வந்ததும் எல்லோரும் நின்றனர். நின்றுகொண்டே நடத்தும் கூட்டம் சீக்கிரம் முடியும் என்று மென்பொருள் நிறுவனங்கள் இப்போது கண்டுபிடித்திருப்பதை இங்கே நினைவுகூரலாம். நான்காவதாக வந்து நெருக்கியவர் பெருமாள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவது நமக்குப் பழக்கம்தான். வந்தவர் உரையாற்றாமல் நெருக்கிக்கொண்டு நின்றார் என்பதுதான் வேறெங்கும் கிடைக்காத செய்தி.

விளக்கேற்றும் நிகழ்ச்சியைச் சற்று விரிவாக ஒப்புநோக்க வேண்டும். இன்றைய அரங்கில் குத்துவிளக்குக்காக மின்விசிறியை நிறுத்துகிறார்கள். ஐந்து திரிக்கு ஐந்து பிரமுகர். மெழுகுவர்த்தி கைமாறுகிறது, ஒவ்வொருவரும் திரியை விட்டுவிட்டுப் புகைப்படக்காரரைப் பார்க்கிறார்கள். நான்காவது திரி பற்றுவதற்குள் முதல் திரி அணைகிறது. அரங்கமே வேர்க்கிறது. பிறகு விசிறி சுழல, விளக்கு முழுவதும் அணைகிறது. அதற்குள் வரவேற்புரை தொடங்கிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. இடைகழியிலோ இருட்டில் யார் நெருக்குவது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே ஒருவர் உலகத்தை அகலாக்கியும், மற்றவர் அன்பை அகலாக்கியும் விளக்கேற்ற, மூன்றாமவர் தாம் கண்டதைப் பாடினார். தேவைக்கு ஏற்றிய விளக்கு அது.

விளைவைப் பார்ப்போம். ஆளுக்கு நூறாக மூன்று திருவந்தாதிகள். மொத்தம் முந்நூறு வெண்பா. இதில் வடிவமும் கவனிக்கத்தக்கது. கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானியர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து 1885-இல் வெளியிட்டார். முதலில் சரசரவென்று, பிறகு மெதுவாக மறதி இறங்கும் என்பது அவர் முடிவு. நம் குறிப்பேட்டின் மூன்றாம் பக்கம் வெறுமையாக இருப்பது அதற்கு வலுவான சான்று. அந்தாதியிலோ ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். முனையைப் பிடித்தால் அடுத்தது தானாக வரும். மறந்தவனுக்குக் கைகொடுக்க அதிலேயே வழி வைத்திருக்கிறார்கள். கிர்க்பாட்ரிக்கின் நான்காம் படியையும் இக்கூட்டம் ஏறிவிட்டது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் இயற்பாவில் அந்த மூன்று அந்தாதிகளும் இன்றும் ஓதப்படுகின்றன. பின்னூட்டப் படிவம் யாரும் நிரப்பவில்லை.

மறுப்பு ஒன்று எழலாம்: நம் மாநாட்டில் இடைகழி ஏது? உண்டு. அரங்குக்கு வெளியே, தேநீர் மேசைக்கும் கைகழுவும் இடத்துக்கும் நடுவே. ‘உங்க ஆபீஸ்ல அந்தப் புது மென்பொருளை எப்படி சார் சமாளிக்கிறீங்க?’ என்று ஒருவர் கேட்க, வடையைக் கையில் வைத்துக்கொண்டே மற்றவர் விளக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் திங்கட்கிழமை பயன்படப்போகிற ஏதோ ஒன்று கைமாறுகிறது. உடனே ஒலிபெருக்கி, ‘பேராளர்கள் அரங்குக்குத் திரும்புமாறு’ என்று அதைக் கலைத்துவிடுகிறது.

எனவே அடுத்த மாநாட்டை நடத்தப்போகும் அன்பர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை: தேநீர் இடைவேளையை ஒரு மணி நேரமாக்குங்கள். நேரத்துக்கு எங்கே போவது என்றால், வாழ்த்துரை வழங்க இருப்போரின் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். பையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் கெட்டியான சணலாகப் பார்த்துக் கொடுங்கள்.