பிளானர் அக்கா

மலேசியாவின் மாக் மண்டினில் தொழிற்பேட்டை உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு, பிளானர் அக்காவும் உண்டு. முதலிரண்டுக்கும் விடுமுறை விடுவார்கள். அக்காவின் கத்தரிக்கோலுக்கு அதெல்லாம் கிடையாது.

கடையில் விற்கும் டைரி அக்காவுக்கு ஆகாது. ஏ5 தாள்களை மடித்து, மெழுகு நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையின்மேல் தீபாவளி ரவிக்கைத் துணியை ஒட்டித் தாமே செய்தால்தான் அது பிளானர். ரவிக்கை? அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே பைகளெல்லாம் பண்டிகைக்குப் பணம் வைத்துத் தரும் அங்பாவ் உறைகள். சீனப் புத்தாண்டின் சிவப்பு உறை கரண்டு பில்லுக்கு, நோன்புப் பெருநாளின் பச்சை உறை கிளினிக் அட்டைக்கு, தீபாவளி ஊதா உறை கடை ரசீதுக்கு. மூவின ஒற்றுமையை இவ்வளவு இறுக்கமாக ஒட்டியவர் நாட்டிலேயே இவர்தான்.

பழைய புத்தகம் வாங்க ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் சௌராஸ்தா சந்தைக்கும் போவார். படிக்க அல்ல, கிழிக்க.

அப்புறம் வாஷி டேப். ஜப்பானின் குராஷிகியில் 1923-இல் ஈ பிடிக்கும் காகிதம் செய்யத் தொடங்கிய காமோய் நிறுவனம்தான் 2008-இல் இந்த வண்ண டேப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈக்கள் தப்பித்தன, அக்கா ஒட்டிக்கொண்டார்.

ஒரு நோட்டும் ஒரு பேனாவும் இருந்தால் போதும், வேலைகளைச் சுருக்கமாகக் குறித்து முடித்துவிடலாம் என்று 2013-இல் 'புல்லட் ஜர்னல்' முறையை வெளியிட்டார் நியூயார்க்கின் ரைடர் கேரல். பாவம், அவருக்கு அக்காவைத் தெரியாது. 'செவ்வாய்: பல் டாக்டர்' என்று எழுத, பல்லுக்கு ஒரு ஸ்டிக்கர், டாக்டருக்கு ஒரு பூ, சுற்றிலும் ஜரிகை பார்டர். பசை காய்வதற்குள் புதன்கிழமை வந்துவிடும்.

"கரண்டு பில் கட்டியாச்சாம்மா?" என்பார் வீட்டுக்காரர்.

"பில் கட்டுற பக்கமே இன்னும் ரெடியாகலைங்க!"

மார்ச் மாதத்திலேயே பிளானர் மூடாது. ரப்பர் பேண்ட் போட்டு அடக்கி வைத்திருப்பார்.

அக்காவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் போன வருட டைரியை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். ஜனவரி 5-க்குப் பிறகு வெள்ளைத்தாள்தானே? அக்காவிடம் வேலை நடக்காவிட்டாலும் பக்கமாவது நிறைகிறது.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கல்யாணப் பத்திரிகை வந்தால், தங்கத்தாள் பிள்ளையாரைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, தேதியைக் குப்பைக்கு அனுப்பிவிடுவார். ஆகவே அழைக்கப் போகிறவர்கள் இரண்டாகக் கொடுங்கள்: ஒன்று கத்தரிக்க, ஒன்று கல்யாணத்துக்கு வர.