டிராகனுக்கு அனுமதி, துப்பாக்கிக்குத் தடை

பறக்கும் டிராகன், பேசும் வாள், செத்தவரை எழுப்பும் பூசாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மாய உலக விளையாட்டு ரசிகர், ஒரு துப்பாக்கி தலைகாட்டினால் மட்டும் "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று வரலாற்றுப் பேராசிரியராகிவிடுகிறார்.

வரலாறு அவர் கட்சியில் இல்லை. ஐரோப்பாவில் பீரங்கியின் ஓவியம் 1326-லேயே வந்துவிட்டது. நாயகர்கள் ஆசையாக மாட்டிக்கொள்ளும், தலை முதல் கால் வரையிலான தகட்டுக் கவசம் முழு உருப்பெற்றது அதற்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து. 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளின் மதிலை உடைத்தது மந்திரவாதி அல்ல, ஒட்டோமான் பீரங்கி. ரேப்பியர் வாளோ இவற்றுக்கெல்லாம் இளையது; அதை மட்டும் யாரும் வாசலில் நிறுத்தி வயது கேட்பதில்லை.

துப்பாக்கி வந்தால் மந்திரவாதியின் பிழைப்பு போய்விடுமாம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் மஸ்கெட் துப்பாக்கியால் சுட்டால், சேதத்தைக் கணக்கிடப் பன்னிரண்டு முகப் பகடை ஒன்று உருளும். நெருப்புக் கோளம் வீசினால் ஆறு முகப் பகடை எட்டு. அதுவும் அந்த வட்டத்துக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும். பரிதாபப்பட வேண்டியது துப்பாக்கிக்காரருக்குத்தான்.

'வார்ஹாமர்' விளையாட்டின் குள்ளர்கள் பல்லாண்டாகச் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2015-இல் வந்த 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' கணினி விளையாட்டு இன்னும் சாமர்த்தியம்: மந்திரத் திரையைக் குண்டு துளைக்கும் என்று விதி வைத்து, மந்திரவாதிகளுக்குக் கொஞ்சம் பயம் காட்டியது.

டன்ஜன்ஸின் 2024 விதிநூல் மஸ்கெட்டைச் வழக்கமான ஆயுதப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. விலை 500 பொற்காசு. முழுக் கவசம் 1,500.