வெள்ளைக்காரன் கட்டினதாக்கும்!

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் சொத்து இருக்கிறதோ இல்லையோ, 'வெள்ளைக்காரன் கட்டினது' பெரியப்பா ஒருவர் நிச்சயம் இருப்பார். ஆனி, ஆடியில் வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்கியதும் அவருக்கு நல்ல காலம் பிறக்கும். குற்றாலத்தில் தண்ணீர் அளவாக விழுந்தால் அவருக்கு உள்ளூர ஏமாற்றம்தான். வெள்ளம் கூடிக் குளிக்கத் தடை என்று போலீஸ்காரர் விசில் ஊதிவிட்டாலோ, முகம் மலர்ந்துவிடும். எண்ணெய் தேய்த்த தலையும் துண்டுமாகத் திகைத்து நிற்கும் மதுரைக்காரர்களையும் சென்னைக்காரர்களையும் பார்த்து, "அருவி எங்க ஓடிப் போகுது? நாளைக்கும் இங்கனதான் கெடக்கும். வாங்க, பதிமூணு கண் பாலத்தப் பாத்துட்டு வந்துருவோம்" என்பார். பதிலுக்குக் காத்திராமல் வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தும்விடுவார்.

போகிற வழியில் புளியரை, கோட்டைவாசல் வளைவுகள், மழையில் நனைந்த ஆரியங்காவுக் காடு என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக எவ்வளவோ உண்டு. ஆனால் அதையெல்லாம் வெள்ளைக்காரன் கட்டவில்லை. ஆகவே பெரியப்பா அதுவரை கண்ணை மூடிக்கொண்டு தெம்பு சேர்ப்பார். கழுதுருட்டி நெருங்கும்போது யாரோ தொட்டு எழுப்பியதுபோல் விழித்து, "நிப்பாட்டுலே!" என்று டிரைவரை ஒரு அதட்டு அதட்டுவார். சாலையை ஒட்டியே எழுந்து நிற்கிறது பாலம். கருங்கல் தூண்கள், மேலே வரிசையாக வளைவுகள், மழைக்குக் கறுத்து, பாசி பிடித்து, இடுக்குகளில் பெரணி முளைத்து, நூறு மீட்டர் நீளத்துக்கு. பார்க்கிற எவருக்கும் ஒரு கணம் வாயடைத்துப் போகும். பெரியப்பாவுக்கு மட்டும் அப்போதுதான் வாய் திறக்கும்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு! சிமெண்டு ஒரு பிடி கெடையாது. சுண்ணாம்பு, மணல், கருப்பட்டித் தண்ணி. அம்புட்டுதான்!"

1904 என்பது சரி. கொல்லம் - செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை அந்த ஆண்டுதான் திறக்கப்பட்டது. திருவிதாங்கூரின் முதல் ரயில் பாதை அது. சிக்கல் கலவையில்தான். கூட்டம் ஆர்வமாகக் கேட்கக் கேட்கக் கலவை கனத்துக்கொண்டே போகும். கருப்பட்டியில் தொடங்கியது கடுக்காய்க்குப் போய், கடைசியில் முட்டையின் வெள்ளைக் கருவில் வந்து நிற்கும். ஒரு தடவை சென்னையிலிருந்து வந்திருந்த ஆறாம் வகுப்புப் பெண் கேட்டுவிட்டாள்: "இவ்ளோ பெரிய பாலத்துக்கு லட்சக்கணக்குல முட்டை வேணுமே தாத்தா. காட்டுக்குள்ள அத்தனை கோழி ஏது?"

பெரியப்பா அசரவில்லை. "அது அந்தக் காலத்துக் கோழி!"

முட்டைக்கு அடுத்தது கடுதாசி. "நூறு வருஷம் முடிஞ்ச அன்னைக்கு லண்டன்ல இருந்து கடுதாசி வந்துச்சு தெரியும்லா? 'நாங்க கட்டுன பாலத்துக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு, இனிமே நாங்க பொறுப்பில்ல'ன்னு எழுதியிருந்தான். அவன் மனுசன்!" இந்தக் கடுதாசி மேல் எனக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் வயதான பாலம் எதுவோ, அதன் பேருக்கு ஒன்று வந்திருக்கிறது. பார்த்தவர் எவரும் இல்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் ஊருக்கு நாலு பேர். சாம்ராஜ்யத்தை இழந்துவிட்டு, லண்டனில் ஒரு குமாஸ்தா மட்டும் பழைய பேரேட்டைப் புரட்டிப் புரட்டி ராமநாதபுரத்துக்கும் கழுதுருட்டிக்கும் தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்தால் பாவமாகக்கூட இருக்கிறது.

சாலையோரக் கடையில் சாயா ஆற்றுகிற சேட்டன் இதைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். அவருக்கும் ஒரு கட்சி உண்டு. "மகாராஜாவிண்டெ காலத்தாணு கேட்டோ" என்று மெல்லப் போடுவார். அதிலும் நியாயம் இருக்கிறது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மூலம் திருநாள் ராமவர்மா. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை மலையாளத்து அரசோடுதான் இருந்தது. பெரியப்பா பிறக்கும்போது அவர் ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்று சேட்டன் கேட்பதற்குள், "சாயாவுக்குச் சீனி கொறச்சுப் போடும்" என்று பேச்சு திரும்பிவிடும்.

கல்லை உடைத்தவர்கள், சுமந்தவர்கள், மலையைக் குடைந்து குகை போட்டவர்கள், மழைக்காட்டில் காய்ச்சலில் கிடந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு இரண்டு கட்சியிலும் இடம் இல்லை. பெரியப்பாவின் வர்ணனையைக் கேட்டால், கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்று தாங்களே சுண்ணாம்பு அரைத்த மாதிரி இருக்கும். கல் சுமந்தவர்களில் அவருடைய பாட்டனாரின் சேக்காளிகள்கூட இருந்திருக்கலாம் என்று நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "நம்மாளுவளா? நம்மாளுவ கட்டியிருந்தா என்னைக்கோ விழுந்திருக்குமே!" என்று சிரித்துவிட்டார்.

2010-இல் அகலப்பாதைக்காகப் புனலூர் - செங்கோட்டைப் பாதையில் ரயிலை நிறுத்தியபோது பெரியப்பா துக்கம் காத்தார். நம் இன்ஜினியர்கள் கை வைத்தால் பாலம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்று திண்ணையில் உட்கார்ந்து நாள் குறித்தார். எட்டு வருஷம் வேலை நடந்தது. 2018-இல் அதே பாலத்தின் மேல், முன்னால் ஓர் இன்ஜின் இழுக்க, பின்னால் இன்னொன்று முட்டித் தள்ள, அகலமான பெட்டிகள் ஜம்மென்று ஏறிப் போயின. "பாத்தியா, எப்படித் தாங்குது! இன்னொரு ரயிலு வரும்னு அவனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு!" என்றார். அந்தப் பாராட்டும் கப்பல் ஏறி லண்டன் போய்விட்டது.

எல்லாம் பேசி முடித்ததும் கண்களை எண்ணும் சடங்கு. கீழே நின்றுகொண்டு அத்தைமார், மாமாமார், பொடிசுகள் எல்லாரும் விரல் நீட்டி எண்ணுவார்கள். ஓரத்துக் கண்களை மரம் மறைத்துக்கொள்ளும். ஒருவருக்குப் பன்னிரண்டு, இன்னொருவருக்குப் பதினொன்று, கண்ணாடி போடாத அத்தைக்குப் பதினாலு. பெரியப்பா எண்ணுவதே இல்லை. "வெள்ளக்காரன் பதிமூணுன்னு கட்டியிருக்கான். நீ எண்ணியா பாக்கப் போற?" இதற்கிடையே படியேறித் தண்டவாளத்தில் நின்று போட்டோ எடுக்கும் இளவட்டங்களைக் கீழிருந்தே திட்டித் தீர்ப்பார். இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க அவர் கட்சி. வளைவுக்குப் பின்னால் ரயில் வருவது பாலத்துக்குத் தெரியும். செல்பி எடுப்பவனுக்குத் தெரியாது.

திரும்பும்போது ஆளுக்கொரு நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலம், எல்லையில் பரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்பும். வயிறு நிறைந்ததும் பெரியப்பா எங்கள் ஊருக்குக் குறுக்கு வழி காட்டுவார். வயலுக்கு நடுவே போகும் கிளைச்சாலை. அதில் வாய்க்கால் மேல் ஒரு குட்டிப் பாலம். கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் இல்லை. மறு பக்கத்தில் கம்பி மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறது. நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குக் குழி. டிரைவர் முதல் கியருக்கு வந்து, வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கி ஏறியதும் பின் சீட்டிலிருந்து அதே ஆறாம் வகுப்புக் குரல் வந்தது.

"தாத்தா, இது யாரு கட்டுனது?"

பெரியம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. சிப்ஸைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏட்டீ, ஒங்க தாத்தா ஓவர்சியரா இருந்தப்ப நின்னு கட்டுன பாலம் அது. தெறப்பு விழாவுக்கு எனக்குப் பட்டுச்சேலை எடுத்துக் குடுத்தாவ."

பெரியப்பா முன் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "அந்த வாய்க்காத் தண்ணி சரியில்லலே" என்றார்.