எதிரி ஊர் மரமும் நம்ம ஊர் ஆறும்

கேள்வி: போரிலும் மரம் மட்டைகளைக் காக்கச் சொல்கிறதா இஸ்லாமியச் சட்டம்? (வாசகர், ஆம்பூர்)

பதில்: சொல்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் சிரியாவுக்குப் படை அனுப்பிய கலீஃபா அபூபக்ர், காய்க்கும் மரத்தை வெட்டவோ, உணவுக்கன்றி ஆடு, ஒட்டகத்தை அறுக்கவோ கூடாது என்று தளபதிக்குக் கட்டளையிட்டதாக இமாம் மாலிக்கின் முவத்தா என்னும் ஹதீஸ் தொகுப்பு பதிவுசெய்கிறது. எதிரி மண்ணின் மரத்துக்கே இத்தனை காவல்!

நம்ம ஊர்ப் பாலாற்றின் மீது எந்தப் படையும் வரவில்லை. ஆனாலும் தோல் பதனிடும் ஆலைகளின் உப்பும் குரோமியமும் இறங்கிக் கிணற்று நீர் கரிக்கிறது, தென்னை கருகுகிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. வாளேந்தியவனையே கட்டுப்படுத்திய நெறி, லாபம் பார்ப்பவரை விட்டுவிடுமா? முதலாளி எந்த மதமானாலும் சரி, ஆறு எல்லோருக்கும் சொந்தம்.